பழைய காருக்குப் போன பதினோரு ஞாயிறுகள்

அந்தக் காரை நான் முதன்முதலில் பார்த்தது ராணிப்பேட்டைப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு தோல் தொழிற்சாலையின் பின்கொட்டகையில். அங்கே கிடந்த பழைய மெஷின்களில் ஏதாவது தேறுமா என்று பார்த்துவர எங்கள் கம்பெனி என்னை அனுப்பியிருந்தது. மெஷின் எதுவும் தேறவில்லை. கொட்டகையின் கோடியில் ஒரு தார்ப்பாயை விலக்கினேன். உள்ளேயிருந்து ஒரு கோழி படபடத்துக்கொண்டு ஓடியது. அடியில், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். நான்கு டயரும் மண்ணோடு மண்ணாக ஒட்டியிருந்தன. அடித்தகடு துருவேறிச் சல்லடையாகியிருந்தது. ஆனால் முன் மட்கார்டிலிருந்து கதவு வரைக்கும் ஓடிய வளைவு மட்டும் அப்படியே இருந்தது. தூசியில் கையை வைத்து அந்த வளைவு நெடுகத் தடவிப் பார்த்தேன். ஒரு மாதத்தில் கார் லாரியில் ஏறி, ஆம்பூரில் என் வீட்டுப் பின்புறம் வந்து இறங்கியது.

எனக்கு அப்போது ஐம்பது வயது. ஒரு ஷூ தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். அடுத்தவர் வேலையில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவேன். முப்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் அம்புகள் ஒட்டியிருப்பேன் என்று தெரியாது. ஆனால் ஒரு ஷூவைக்கூட நான் என் கையால் தைத்ததில்லை. அந்தக் காரை ஏன் வாங்கினாய் என்று கேட்டால் சரியான பதில் என்னிடம் இல்லை. யாரும் அம்பு ஒட்ட முடியாத ஒரு பொருளை ஒருமுறையாவது உண்டாக்கிப் பார்க்கவேண்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

என் மனைவி கொல்லைப்புறக் கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"இத இன்னா பண்ணப் போறீங்க?"

"ஓட வெக்கப் போறேன்."

"யார் உக்காரப் போறாங்க இதுல?"

"நீயும் நானும்தான்."

அவள் என்னைத் தாண்டிக் கொல்லைக்குள் இறங்கினாள். துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து மாடிக்கு எடுத்துக்கொண்டு போனாள். மூன்று வருஷம் அது மாடியிலேயே இருந்தது.

அந்த மூன்று வருஷத்தில் நான் பட்டபாட்டைக் கார்ப் பிரியர்கள் கூடும் இடங்களில் பலமுறை சொல்லியிருக்கிறேன். வேலூரில் ஒரு வயதான மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துக் கட்டிக் கொடுத்தார். இங்கிலாந்து வண்டி என்பதால் நட்டும் போல்ட்டும் அங்குல அளவில் இருந்தன. அவற்றைத் தேடி லாங் பஜாரின் சந்துகளில், கைவண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே, பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்கினேன். கார்புரேட்டரின் ஒரு சிறிய ஊசிக்காக நாலு மாதம் காத்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தபோது அது வேறு வண்டியின் ஊசி. டிங்கரிங் முடிந்து சிவப்பு பெயின்ட் அடித்த பிறகு ஒரு கதவின் நிறம் மட்டும் மாற்றுக் குறைந்திருப்பதாக எனக்குப் பட்டது. முழுவதையும் சுரண்டி மறுபடி அடிக்கச் சொன்னேன். பெயின்டர் என்னை ஒருமாதிரி பார்த்தான். இதையெல்லாம் சொல்லும்போது கேட்பவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சொல்லாமல் விட்ட பகுதியைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

கடைசியில் மீந்தது இருக்கைகளும் மடக்குக் கூரையும். வேலூரிலும் சென்னையிலும் சீட் தைப்பவர்களைப் பார்த்தேன். அவர்கள் காட்டிய வேலையில் எனக்குத் திருப்தியில்லை. எங்கள் தொழிற்சாலையின் சாம்பிள் ரூமில் ஒரு பெண் இருந்தாள். புது மாடல் ஷூவை முதலில் ஒரே ஒரு ஜோடி செய்து பார்க்கும் இடம் அது. கைவேலை சுத்தமாக இருப்பவர்களைத்தான் அங்கே வைப்பார்கள். அவர்களிலும் அவள் தனி. நாற்பது வயது இருக்கும். அவள் தைத்ததில் நான் அம்பு ஒட்டிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவளைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, ஞாயித்துக்கெழம ஃப்ரீயா நீ? நம்ம வூட்டுக்கு வந்து ஒரு சீட்டு பாக்கணும்."

அவள் ஒரு கணம் யோசித்தாள். "எத்தினி மணிக்கு சார்?"

"காலைல ஏழு, ஏழரைக்கு வந்துடு. வெயில் ஏர்றதுக்குள்ள பாத்துடலாம்."

"சரி சார். வர்றேன்."

அவள் கழுத்தில் சிறிய சிலுவை ஒன்று எப்போதும் இருக்கும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை என்பது அவளுக்கு என்ன நேரம் என்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை. அவளால் என்னிடம் முடியாது என்று சொல்ல முடியுமா என்றும் தோன்றவில்லை. மறுநாள் அவள் தைப்பதில் அம்பு ஒட்டுவதா வேண்டாமா என்பது என் கையில் இருந்தது.

கனமான தோல் தைக்கும் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் காருக்காக வீட்டுப் பின்னால் போட்ட கொட்டகையில் வைத்திருந்தேன். முதல் ஞாயிறு முழுவதும் அவள் அந்த மெஷினைத் தொடவில்லை. பழைய இருக்கையைத் தரையில் வைத்து, பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். பிரித்த துண்டுகளின் பின்னால் சாக்பீஸால் எண் போட்டாள். அவற்றை அட்டையில் வைத்து வரைந்து வெட்டிக்கொண்டாள். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, துண்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"இத தச்சவங்க எடது கைக்காரங்க சார்."

"எப்படிச் சொல்ற?"

"இங்க பாருங்க, கையால முடிச்சு போட்ட எடம். நூலு எதிர்ப்பக்கமா சாஞ்சிருக்குது. பொம்பளையாத்தான் இருக்கும்."

"அது எப்படித் தெரியும்?"

அவள் லேசாகச் சிரித்தாள். "சும்மா தோணுச்சு சார்."

கூலி கொடுக்காமல் இல்லை. தொழிற்சாலையில் கிடைக்கும் நாள் கூலியைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே ஒவ்வொரு ஞாயிறும் கொடுத்தேன். மத்தியானம் பிரியாணி வாங்கி வந்து போடுவோம். கூலி கொடுத்தேன் என்பதைக் காட்டியே ரொம்ப நாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஒரு ஞாயிறில் முடியும் என்று நான் நினைத்த வேலை பதினோரு ஞாயிறு இழுத்தது. அதற்கு அவள் காரணமில்லை. நான்தான். சாய்மானத்தின் மடிப்புகள் ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்று இரண்டு முறை பிரிக்கச் சொன்னேன். இருக்கையின் ஓரத்தில், கயிற்றின்மேல் தோல் சுற்றி ஓடும் மெல்லிய பைப்பிங் மூலையில் சுருக்கம் விழுகிறது என்று மூன்றாவது முறையும் சொன்னேன். அவள் முகம் சுளிக்காமல் பிரித்தாள். மூன்றாவது முறை அவள் செய்த மூலையை நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அந்தத் தோல் வார் வளைந்தது எங்கே என்றே தெரியவில்லை.

ஒன்பதாவது வாரமா பத்தாவது வாரமா, சரியாக நினைவில்லை. சென்னையில் பழைய கார்களின் கண்காட்சிக்கு நான் பெயர் கொடுத்திருந்தேன். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து போகும்போது அவள் என் மேசைக்கு வந்தாள்.

"சார், நாளைக்கு எனக்கு சர்ச்சுல கொஞ்சம் வேல இருக்குது. அடுத்த வாரம் சேத்துப் பண்ணிடட்டா?"

"கூரை இன்னும் பாதி கூட ஆகலையேம்மா. சர்ச்சு முடிச்சிட்டு வந்துடேன். மதியம் வந்தாக்கூடப் போதும்."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மறுநாள் பன்னிரண்டரை மணிக்கு வந்தாள். ஊதா நிறத்தில் பட்டுப் புடவை, தலையில் மல்லிகைப்பூ. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா, காருக்குக் கல்யாணமா? பட்டெல்லாம் கட்டிக்கினு வந்திருக்கே" என்றேன்.

நான் சொன்னதற்கு நானே சிரித்தேன். அவள் சிரித்தாளா என்று நான் கவனிக்கவில்லை. என் மனைவி ஒரு பழைய துணியைக் கொண்டுவந்து அவள் மடியில் விரித்து, பட்டில் எண்ணெய் படாமல் மூடிவிட்டாள்.

கண்காட்சிக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். காவேரிப்பாக்கம் தாண்டும்போது மனைவி இருக்கையின் ஓரத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு, "சீட்டு மெத்துனு இருக்குது" என்றாள். மைதானத்தில் பெரிய பெரிய கார்கள் நின்றிருந்தன. என் சிறிய சிவப்புக் காரைச் சுற்றியும் கூட்டம் கூடியது. செல்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு இளைஞன் வந்தான். பழைய கார்களைப் பற்றி வீடியோ போடுகிறவனாம். எஞ்சினைப் பற்றிக் கேட்டான், பெயின்டைப் பற்றிக் கேட்டான். "தேடினோம், பிரிச்சோம், அடிச்சோம்" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் குனிந்து இருக்கையைத் தடவிப் பார்த்தான்.

"சார், இந்த சீட்டு சென்னையில யாராலயும் பண்ண முடியாது. யார் சார் பண்ணாங்க?"

"நான்தான்" என்றேன். "எல்லாம் என் கையால தச்சது. தோல் ஊருல இருக்கோம், இதுகூடத் தெரியாமலா."

யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. அவள் பெயரைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு குறையும் வந்திருக்காது. அவ்வளவு நேரம் தேடினோம், பிரிச்சோம் என்று சொல்லிக்கொண்டிருந்த வாய், தச்சேன் என்று எப்படித் திரும்பியது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மனைவி இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டாள். திரும்பி வரும் வழியில் ஆற்காடு தாண்டியபோது கேட்டாள்: "அவங்க பாக்க மாட்டாங்கன்னு நெனச்சிட்டீங்களா?"

"யார் இதெல்லாம் பாக்கப் போறாங்க" என்றேன்.

செவ்வாய்க்கிழமைக்குள் தொழிற்சாலையில் எல்லோர் செல்போனிலும் அந்த வீடியோ இருந்தது. வாசலில் செக்யூரிட்டி கைகுலுக்கினார். கட்டிங் செக்‌ஷனில் கைதட்டினார்கள். நான் சாம்பிள் ரூமுக்குள் நுழைந்தபோது மட்டும் யாரும் எதுவும் பேசவில்லை. அங்கே இருந்த மற்ற ஐந்து பேருக்கும் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போனாள் என்று தெரியும். அவள் தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டிருந்தாள். "வணக்கம் சார்" என்றாள், எப்போதும் சொல்வதுபோல.

இரண்டு வாரம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வந்தார். எங்கள் ஜெனரல் மேனேஜர் அவரைச் சாம்பிள் ரூமுக்குக் கூட்டிவந்து, என்னைக் காட்டி, இவர் தன் பழைய காரின் இருக்கைகளைத் தானே தைத்தவர் என்று பெருமையாக அறிமுகம் செய்தார். செல்போனில் படத்தையும் காட்டினார். வந்தவர் தோல் வேலை தெரிந்த மனிதர். படத்தைப் பெரிதாக்கி, இருக்கையின் மூலையில் விரலை வைத்தார். இவ்வளவு சின்ன வளைவில் பைப்பிங்கைச் சுருக்கம் விழாமல் எப்படித் திருப்பினீர்கள் என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. மூன்று முறை பிரிக்கச் சொன்ன எனக்கு, மூன்றாவது முறை அவள் என்ன செய்தாள் என்று தெரியவில்லை. நான் ஒருநாளும் கேட்டதில்லை. "அது வந்து..." என்று ஆரம்பித்தேன். ஆறு மெஷின்களும் நின்றுவிட்டன. ஜெனரல் மேனேஜர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவள் எழுந்தாள். ஜெனரல் மேனேஜரைப் பார்த்துச் சொன்னாள்:

"எங்க சாரு மூலைக்கு ரெண்டு வெரலு முன்னாடியே தோல் வார நல்லா மெலிசா சீவிக்கினாரு சார். அப்பறம் உள்பக்கமா சின்னச் சின்னதா வெட்டு போட்டு வளைச்சாரு. நான் பாத்தேன்."

ஜெனரல் மேனேஜர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். வந்தவர் தலையை ஆட்டி, என் தோளைத் தட்டினார். அவள் உட்கார்ந்து மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள்.

இல்லை, இவள்தான் தைத்தாள் என்று ஒரு வார்த்தை அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அரை நிமிஷம் போதும். நான் வாடிக்கையாளரோடு சிரித்துக்கொண்டே வெளியே நடந்தேன்.

இதற்கு அடுத்து நடந்ததை எழுதத்தான் எனக்கு ரொம்பக் கூச்சமாக இருக்கிறது. அவளுக்கு நன்றி சொல்லவில்லை என்பது ஒரு பக்கம். அந்த வாரம் முழுக்க அவளைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. என்னைக் காப்பாற்ற இவள் யார் என்பதுபோல ஒரு கோபம். வெள்ளிக்கிழமை அவள் தைத்த ஒரு பெண்கள் ஷூ என் மேசைக்கு வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குதிகால் பக்கத்துத் தையலில் ஒரு சிவப்பு அம்பை எடுத்து ஒட்டினேன். அங்கே தப்பு ஒன்றும் இல்லை. ஷூ திரும்பிப் போனது. அரை மணி நேரம் கழித்து, பிரித்து மறுபடி தைக்கப்பட்டு வந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் செய்து அனுப்பியிருந்தாள். அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது மனைவியிடம் முதல் முறையாக எல்லாவற்றையும் சொன்னேன், அம்பு உட்பட.

அவள் கேட்டு முடித்துவிட்டு, "போய்ப் பாருங்க" என்றாள். "ஞாயித்துக்கெழம போகாதீங்க. அது அவங்க நாளு. சனிக்கெழம சாயங்காலமா போங்க."

ஒரு பையில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், இரண்டு அறை வீடு. அவள் கடைக்குப் போயிருந்தாள். பதினைந்து வயது மகள் கதவைத் திறந்து நாற்காலியைப் போட்டாள். சுவரில் புதிதாகச் சட்டம் போட்ட ஒரு படம். சர்ச் வாசலில் வெள்ளை உடையில் அந்த மகள், பக்கத்தில் அப்பா, தம்பி. மறுபக்கம் ஊதாப் பட்டுப் புடவையில், மல்லிகைப்பூவோடு, அவள்.

"இது எப்ப எடுத்ததும்மா?"

"என்னோட திடப்படுத்தல் அன்னிக்கு சார். மொத தடவ நற்கருணை வாங்குன நாளு. சொந்தக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்க. படம் எடுத்த ஒடனே அம்மா உங்க வூட்டு வேலைக்குப் போய்ட்டாங்க. பந்தியில அவங்க இல்ல."

மகள் குற்றம் சாட்டுவதுபோல் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நான் ஆப்பிள் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டைப் பார்த்து நான் செய்த கேலி நினைவுக்கு வந்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் அவள் கடையிலிருந்து வந்துவிட்டாள்.

"வாங்க சார். இன்னா சார் இவ்ளோ தூரம்?"

"தப்புப் பண்ணிட்டேம்மா" என்றேன். யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

அவள் மகளை டீ போட அனுப்பிவிட்டுக் கீழே பாயில் உட்கார்ந்தாள். "வீடியோவ சொல்றீங்களா சார்? அத உடுங்க. நம்புறவங்க நம்பட்டும். எங்க செக்‌ஷன்ல எல்லாருக்கும் தெரியும், எனக்கு அது போதும்." பாயின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். "அந்த ஸ்டிக்கர் ஒட்டுனீங்களே, அதுதான் சார் ஒரு மாதிரி ஆய்டுச்சு. அந்தத் தையல் சரியாத்தான் இருந்துது."

"சரியாத்தான் இருந்துது."

"தெரியும் சார். உங்களுக்குத் தெரியும்னும் எனக்குத் தெரியும்."

அந்தக் காரில் உங்கள் எல்லோரையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவைத்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அதுல ரெண்டு பேருதான சார் உக்கார முடியும். நாங்க நாலு பேரு."

திங்கட்கிழமை ஜெனரல் மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அதனால இன்னா சார், உங்க சூப்பர்விஷன்லதான பண்ணாங்க" என்றார். வாடிக்கையாளருக்கு ஒரு வரி எழுதலாமா என்று கேட்டேன். அதெல்லாம் வேண்டாம், கம்பெனிக்கு அசிங்கம் என்றார். நானும் வற்புறுத்தவில்லை. வீடியோ போட்ட இளைஞனைத் தேடிப்பிடித்து, அதை எடுத்துவிடச் சொன்னேன். நிறையப் பேர் பார்த்துவிட்டார்கள் சார், இப்போது எடுத்தால் நஷ்டம் என்றான். அதன் கீழே, இருக்கைகளைத் தைத்தது நானில்லை, என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்மணி என்று எழுதினேன். யாரோ ஒருவர் அதற்குக் கீழே, என்ன ஒரு பணிவு சார் உங்களுக்கு என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது, முதலில் பொய் சொன்ன அன்றைவிட நான் அதிகமாகக் குறுகிப்போனேன்.

சாம்பிள் ரூமில் மற்ற ஐந்து பேர் முன்னால், அந்த அம்பு தவறாக ஒட்டியது என்று மட்டும் சொன்னேன். அவள், "சரி சார்" என்றாள்.

அடுத்த வருஷம் பேர்ணாம்பட்டு ரோட்டில் ஒரு புதிய தொழிற்சாலையில் அவளைச் சாம்பிள் ரூம் பொறுப்பாளராகக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எங்களிடம் பதினான்கு வருஷம் இருந்தும் அவளுக்கு அந்தப் பதவி கிடைக்கவில்லை. பரிந்துரைக்க வேண்டியவன் நான். அவள் விலகல் கடிதத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். போகும்போது என் மனைவிக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள்.

காரை நான் விற்கவில்லை. விற்றால் சரியாகிவிடும் என்று தோன்றவும் இல்லை. மாதம் ஒருமுறை எடுத்து ஓட்டுகிறேன். பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் யாராவது கிட்டே வந்து பார்க்கிறார்கள். இருக்கையைத் தொட்டுவிட்டு, யார் சார் தைத்தது என்று சிலர் கேட்பதுண்டு. எங்கள் ஊரில் ஒரு அம்மா, என்று சொல்லி அவள் பெயரையும் சொல்கிறேன். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, எஞ்சின் எத்தனை சிசி என்று கேட்கிறார்கள். நான் பானெட்டைத் திறந்து காட்டுகிறேன்.